மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்: புற்றுநோய் வந்த வீட்டில் வேண்டுதலும் வைத்தியமும் தானமும்

பயாப்ஸி முடிவு கைக்கு வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் இரண்டு பேச்சுகள் ஒரே நேரத்தில் ஓடின. திண்ணையில் அண்ணன் ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும், எந்த நகையை அடகு வைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அடுப்படியில் பெரியம்மாவும் அத்தையும் எந்தச் சாமிக்கு எதை நேர்ந்துகொள்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்ட நான்கு நாள்தான் இருந்தது. டாக்டர் குறித்துக் கொடுத்த ஆபரேஷன் தேதி காப்புக்கு மறுநாள். காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். "திருவிழா முடியட்டும்ப்பா, ஒரு மாசத்துல என்ன ஆயிரப்போகுது?" என்றார் தாத்தா முறையில் ஒருவர். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

பெரியம்மா எழுந்து போய், ஒரு வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, அதில் ஒரு ரூபாயை முடிந்து, மாரியாத்தா படத்துக்கு முன்னால் வைத்தார். "ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். அவளுக்குச் சேர வேண்டியது அடுத்த வருசம்னாலும் சேரும். நீங்க தேதிய மாத்தாதீக" என்றார். அம்மாவுக்குக் குறித்த நாளிலேயே ஆபரேஷன் நடந்தது. ஒன்பது வருடம் ஆகிறது. இன்று காலையும் வாசல் தெளித்துக் கோலம் போட்டது அம்மாதான்.

அதற்குப் பிறகு சொந்தத்திலும் தெருவிலுமாகப் பல பேருக்குத் துணையாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாரத்தில் ஒரு குடும்பம் அதிகமாகத் தடுமாறுவது, சாமியையும் டாக்டரையும் எப்படி ஒரே வீட்டில் வைத்துக்கொள்வது என்பதில்தான். இதை யாரும் எழுதித் தருவதில்லை. எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: தேதியை எழுதுங்கள், வேண்டுதலை முடிந்து வையுங்கள்

வீட்டுக் காலண்டரில் ஆபரேஷன், கீமோ மருந்து ஏற்றுவது, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சுச் சிகிச்சை) ஆகிய நாட்களை முதலில் சிவப்பு மையால் எழுதுங்கள். நல்ல நாள், கரிநாள், அஷ்டமி, நவமி எல்லாம் அதற்குப் பிறகு. ஆடியில் ஆபரேஷன் வேண்டாம், அமாவாசை கழியட்டும், திருவிழாக் கொடி இறங்கட்டும் என்று தள்ளிப்போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அறுத்து எடுக்கும் நிலையில் இருந்த கட்டி அதற்குள் பரவிவிட்டதைக் கேட்டு அவர்கள் அழுததையும் பார்த்திருக்கிறேன்.

நேர்த்திக்கடனுக்கு அவகாசம் உண்டு என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளை பிறந்தால் மொட்டை என்று நேர்ந்து, பிள்ளைக்கு ஏழு வயதான பிறகு பழனிக்குப் போனவர்கள் நம் எல்லார் சொந்தத்திலும் இருக்கிறார்கள். மஞ்சள் துணியில் காசு முடிவது அதற்குத்தானே? "கடன் நினைவில் இருக்கிறது, கொஞ்சம் பொறு" என்று சாமியிடம் சொல்லும் சீட்டு அது. நம் முன்னோர் நமக்கு வைத்துவிட்டுப் போன வழி. அதைப் பயன்படுத்துங்கள். எந்த வயதானவரும் அதைக் குறை சொல்ல மாட்டார். மாறாக, "நாம தள்ளிப் போடல, சாமிகிட்ட தவணை கேட்டிருக்கோம்" என்று சொன்னால் அவர் மனசும் ஆறும்.

கூடவே ஒரு சின்ன நோட்டில் யார், யாருக்கு, எதை நேர்ந்தார்கள் என்று எழுதிவையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கொன்று நேர்ந்துவிடுவார்கள். சித்தி அக்கினிச் சட்டி என்பார், மச்சான் பாண்டி கோயிலுக்குக் கிடாய் என்பான், அக்கா பூக்குழி என்பார். இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். நேர்ந்துகொள்பவர் தன் உடம்பையும் தன் காசையும்தான் நேர வேண்டும். "நீ பொழச்சு வந்தா உன்னப் பூக்குழி இறங்க வைக்கிறேன்னு நேந்திருக்கேன்" என்று படுத்திருப்பவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். கீமோவுக்குப் பிறகு பல மாதம் சிலருக்கு உள்ளங்காலில் உணர்ச்சி மரத்துப் போயிருக்கும். அந்தக் காலோடு நெருப்பில் இறங்கவோ, வெயிலில் வெறுங்காலோடு பாதயாத்திரை போகவோ கூடாது. அலகு குத்துவதும் அங்கப்பிரதட்சணமும் நோயாளிக்கு வேண்டாம். அவருக்காக மகனோ தம்பியோ செய்யலாம். சாமி கணக்கில் அது குறையாது.

இரண்டாம் படி: காகிதமும் காசும்

அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு கிடையாது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையும், அதைச் சேர்ந்த பாலரெங்காபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நகை அடகுக் கடைக்குப் போவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டிய வேலை இது.

அதே நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கம் வைத்தியச் செலவு. இரண்டாம் பக்கம் பஸ், சாப்பாடு, கூட இருப்பவரின் போன கூலி. மூன்றாம் பக்கம் சாமிச் செலவும் தானமும். மூன்றாம் பக்கத்துக்கு ஒரு தொகையை வீட்டார் எல்லாரும் சேர்ந்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஐந்நூறோ ஐயாயிரமோ, உங்கள் சக்தி. அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். முதல் இரண்டு பக்கங்களிலிருந்து அங்கே கை நீளக் கூடாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், பயந்திருக்கும் வீட்டைத் தேடி வருகிறவர்கள் உண்டு. "செய்வினை வச்சிருக்காங்க, எடுக்கணும்" என்பார்கள். முதலில் ஒரு எலுமிச்சம்பழம், பிறகு ஒரு கோழி, பிறகு 40,000 ரூபாய்க்கு ஒரு பூஜை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கந்துவட்டிக்கு வாங்கி அந்தப் பூஜையைச் செய்தார்கள். நோயாளி இறந்து மூன்று வருடம் கழித்தும் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பரிகாரத்துக்குக் கடன் வாங்காதீர்கள். ஒரு சூடம் ஏற்றிக் கும்பிட்டால் ஏற்காத சாமியை நம் ஊரில் நான் அறியேன்.

மூன்றாம் படி: கோயிலும் கீமோவும் மோதாமல் பார்ப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் "கூட்டத்துக்குப் போகாதீங்க, வெளிச்சாப்பாடு வேண்டாம்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நம் வீட்டில் அதன் அர்த்தம் என்ன என்று நாம்தான் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

பல கீமோ மருந்துகளை 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த வாரத்தில் சாதாரணக் கிருமிகூட ஆளைப் படுக்க வைத்துவிடும். ஆகவே கோயில், தேவாலயம், தர்கா எதுவானாலும் அந்த வாரத்தில் போக வேண்டாம். அடுத்த கீமோவுக்கு முந்தைய சில நாட்கள்தான் தோதானவை. அப்போதும் வெள்ளி, பிரதோஷம், பௌர்ணமி தவிர்த்து, சாதாரண நாளில் காலை நடை திறந்ததும் போய்விட்டு வாருங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால், வெளியே ஒருவரைப் போனோடு நிறுத்திவிட்டு, உள்ளே எந்த வாசல் வழியாக வெளியே வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நோயாளிக்குத் திடீரென்று மயக்கம் வந்தால் அலைய வேண்டியிருக்காது.

பிரசாதத்தில், சுடச்சுட வெண்பொங்கல் சாப்பிடலாம். பஞ்சாமிர்தம், தீர்த்தம், நறுக்கி வைத்த பழம், துருவிய தேங்காய், பானகம் ஆகியவை அணுக்கள் குறைந்திருக்கும்போது வேண்டாம். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மொட்டை. கீமோவில் முடி கொட்டப்போகிறது என்று தெரிந்ததும் பல பெண்கள் உடைந்து போவார்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா, முதல் கீமோவுக்கு முன்பே அழகர்கோயிலுக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தார். "மருந்து எடுக்குறதுக்கு முன்னாடி நானே சாமிக்குக் குடுத்துட்டேன்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு அன்று நாங்கள் எல்லோரும் வாயடைத்துப் போனோம். உங்கள் வீட்டிலும் விருப்பமிருந்தால் கீமோ தொடங்குவதற்கு முன்பே செய்யுங்கள், புது பிளேடு போடச் சொல்லுங்கள். கீமோ நடக்கும்போது கத்தி படக் கூடாது. சின்னக் கீறலும் ஆறாமல் புண்ணாகும்.

கயிறும் தாயத்தும். மார்பகத்தோடு அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். காப்பு, மந்திரித்த கயிறு, இறுக்கமான வளையல் எல்லாவற்றையும் மறு கையில் போடுங்கள். ஊசியும் பிரஷர் பார்ப்பதும் மறு கையில்தான். எங்கள் பெரியம்மா இதை மனப்பாடம் செய்துகொண்டு, கயிறு கட்ட வந்த பூசாரியிடமே "அந்தக் கை இல்ல சாமி, இந்தக் கை" என்று சொன்னார்.

தாலி. ஆபரேஷன் அறைக்கும் எம்ஆர்ஐ அறைக்கும் உலோகம் எதுவும் போக முடியாது. நர்ஸ் அவசரத்தில் கழற்றச் சொல்லும்போது பெண்கள் பதறி அழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முந்தின நாளே வீட்டில், சாமி படத்துக்கு முன், வீட்டு மூத்தவர் கையால் தாலியைக் கழற்றி, அதற்குப் பதில் வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடுங்கள். அந்தக் கயிற்றையும் எடுக்க வேண்டி வரலாம் என்று அப்போதே சொல்லிவையுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும்போது அபசகுனமாகத் தோன்றுவது, வீட்டில் நிதானமாக நடக்கும்போது ஒரு பூஜை போல ஆகிவிடும்.

கரண்ட் வைக்கும் இடத்தில் மை கொண்டு கோடு போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் திருநீறு, சந்தனம், மஞ்சள், ஓதிய எண்ணெய் எதுவும் பூசக் கூடாது, கோடும் அழியக் கூடாது. நெற்றியில் தாராளமாகப் பூசுங்கள்.

சாம்பிராணிப் புகை நுரையீரல் நோயாளிக்கு ஆகாது. மல்லிகைப் பூவையும் கவனியுங்கள். ஒரு நாள்கூடப் பூ வைக்காமல் இருக்காத எங்கள் அம்மாவுக்கு கீமோ நாட்களில் அந்த வாசனையே குமட்டியது. படத்துக்கு வைக்கும் சரத்தைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம்.

இனி, இந்தப் பகுதியில் முக்கியமானது. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரம். நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும், மந்திரித்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. பாண்டிய மன்னனின் வெப்பு நோயைச் சம்பந்தரின் திருநீறு தீர்த்தது இந்த மதுரையில்தான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நானும் பூசிவிடுகிறேன். பூசிக்கொண்டே ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்புகிறேன். ஒரு தெர்மாமீட்டரை வாங்கித் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

விரதம் வேண்டாம். கீமோ காலத்தில் எடை குறைவதே பெரிய பிரச்சினை. சஷ்டியானாலும் செவ்வாயானாலும் நோயாளி சாப்பிட வேண்டும், முடிந்தால் முட்டையோடு. அவருக்காக வேறொருவர் விரதம் இருக்கட்டும்.

நான்காம் படி: "மருந்தை நிறுத்து" என்பவரிடம் பேச்சை நிறுத்துங்கள்

ஒரு வேர், ஒரு லேகியம், ஒரு எண்ணெய், ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்ன சாட்சி என்று தினமும் ஒன்று வீட்டுக்கு வரும். சொல்பவர் அன்போடு சொல்லலாம், ஆனால் அளவுகோல் ஒன்றுதான்: டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்து என்கிறாரா? சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. நாட்டு மருந்து எதையாவது கூடச் சேர்த்துச் சாப்பிட ஆசைப்பட்டால், பாட்டிலையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். கீமோ ஏற்கெனவே கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வேலை வைக்கிறது. மறைத்துச் சாப்பிடும் மருந்தால் ரத்தப் பரிசோதனை கெட்டுப்போனால் காரணம் தெரியாமல் அடுத்த கீமோ தள்ளிப்போகும்.

"எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று நோயாளி காதுபடப் பேசுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இதில் மரியாதை பார்க்க வேண்டியதில்லை. புகையிலை, சில வைரஸ்கள், வயது, பரம்பரையாக வரும் மரபணு எனக் காரணங்கள் பல. பல பேருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. இது தொட்டால் ஒட்டும் நோயும் கிடையாது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்காதீர்கள்.

வலியும் அப்படித்தான். வலியைப் பொறுத்துக்கொண்டால் பாவம் கழியும் என்று மாத்திரையை ஒளித்து வைத்த ஒரு ஆச்சியை எனக்குத் தெரியும். வலி மாத்திரையை நேரப்படி கொடுங்கள். மார்ஃபின் என்றதும் பயப்படாதீர்கள், டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது வலியை அடக்கத்தான். வலி இல்லாதவரால்தான் உட்கார்ந்து கும்பிடவே முடியும். நடக்க முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து, வலியையும் வேதனையையும் குறைக்கும் தணிப்புச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

பக்கத்துக் கட்டில்

வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு மார்க்கமாக இருப்பார். கோரிப்பாளையத்தைச் சேர்ந்த ஒரு பாய் வீட்டம்மா, ரமலானில் நோன்பு பிடிக்க முடியவில்லையே என்று என்னிடம் அழுதார். அவருடைய பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வந்து விளக்கினார்: நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை, தேறிய பிறகு அந்த நாட்களை நோற்றுக்கொள்ளலாம், தேற வாய்ப்பில்லாத நோய் என்றால் ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும், அதற்கு ஃபித்யா என்று பெயர். கொடுக்கும் இடத்தில் இருக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: ஜகாத் என்ற கடமையான தானத்தைப் பெறத் தகுதியான எட்டு வகையினரில் ஏழைகளும் கடனாளிகளும் உண்டு. வைத்தியத்துக்குக் கடன்பட்டு நிற்கும் குடும்பத்தை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

கத்தோலிக்க வீடுகளில் சாமியாரை அழைத்து நோயில் பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு) பெறத் தயங்குவார்கள், அது சாகப்போகிறவருக்கு என்று நினைத்து. கடும் நோயில் இருக்கும் யாரும், ஆபரேஷனுக்கு முன்பும், ஒருமுறைக்கு மேலும் பெறலாம்.

யாருடைய பிரார்த்தனையானாலும் படுத்திருப்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கும்பிடும் பழக்கமே இல்லாதவர் நோய் வந்ததால் மாறியாக வேண்டும் என்றில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருங்கள், அது போதும்.

ஐந்தாம் படி: தானம் செய்ய நினைப்பவர்களுக்கு

நோய் வந்த வீட்டிலும் தானம் செய்ய ஆசை வரும். தேறியவர் நன்றிக்குக் கொடுப்பார், இழந்தவர் நினைவுக்குக் கொடுப்பார். இந்த ஊருக்கு அது புதிதில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் ஓடேந்திப் பிச்சையெடுத்து, கண் தெரியாதவரையும் நோயாளியையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊட்டியதாகச் சொல்லும் மதுரை இது. ஆனால் கொடுக்கும் பொருள் போய்ச் சேரும் இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கரண்ட் வைப்பது என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பலருக்கு ஐந்து ஆறு வாரம் தொடர்ந்து வர வேண்டும். மெஷினில் படுப்பது சில நிமிடம். அதற்காக ராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர்ப் பக்கங்களிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருவார்கள். சிகிச்சை இலவசம், பஸ் இலவசமில்லை. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில்தான் கட்டணமில்லை. வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஒருவருக்கு ஒரு வழிக்கு 60 ரூபாய் என்றே வைப்போம். நோயாளியும் துணையும் போக வர ஒரு நாளைக்கு 240. முப்பது நாளைக்கு 7,200 ரூபாய். கூலி வேலையை விட்டுவிட்டு வரும் வீட்டுக்கு அது பெரிய தொகை. பாதியில் நின்றுவிடுகிறவர்களில் சிலர் நிற்பது இந்தப் பஸ் காசு இல்லாமல்தான். பாதியில் நின்ற கரண்ட், பாதியில் விட்ட மருந்து மாதிரி. ஆகவே என்னிடம் "எதுக்குக் குடுக்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, ஒரு நோயாளியின் பஸ் காசை முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். மருத்துவ சமூகப் பணியாளரையோ வார்டு நர்ஸையோ கேட்டால் யாருக்குத் தேவை என்று சொல்வார்கள். மொத்தமாகக் கொடுக்காமல் வாராவாரம் கொடுங்கள். அந்தச் சாக்கில் ஒரு விசாரிப்பும் நடக்கும்.

சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கு ரயில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரிச் சான்றிதழ் இருந்தால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் குறையும். அந்தப் படிவத்தை நிரப்பி, முன்பதிவு செய்துகொடுப்பதும் தானம்தான். அதற்குக் காசுகூட வேண்டாம், அரை நாள் போதும். அடையாறு ஆஸ்பத்திரியே ஒரு தங்கையின் சாவிலிருந்து எழுந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஊர் ஊராக நன்கொடை திரட்டி 1954இல் அதைத் தொடங்கினார். அப்போது அங்கே 12 படுக்கைதான்.

அன்னதானம். திருவிழா நாளில் நம் ஊரில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் இல்லை. கொடுக்கும்போது துணைக்கு இருப்பவருக்கு ஒரு பொட்டலம், நோயாளிக்கு வேறொரு பொட்டலம் என்று கொண்டுபோங்கள். கீமோவிலும் கரண்டிலும் வாயெல்லாம் புண்ணாகியிருக்கும். புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் பட்டால் தீயாக எரியும். இட்லி, குழைந்த பருப்புச் சாதம், கேழ்வரகுக் கஞ்சி, அவித்த முட்டை ஆகியவை இறங்கும். நான் முதல் தடவை நூறு பொட்டலம் புளிச்சாதம் கொண்டுபோனேன். வாய்ப் புற்றுநோயாளி ஒருவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்த முகம் இன்னும் மறக்கவில்லை.

ரத்தம். கீமோ நோயாளிகளுக்குத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அடிக்கடி தேவைப்படும். அவற்றை எடுத்து ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. விசேஷ நாளில் ஊரே சேர்ந்து ஒரே நாளில் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அடுத்த வாரம் தேவைப்படுகிறவருக்கு அது எட்டாது. உங்கள் மன்றத்தில் அறுபது பேர் இருந்தால், வாரத்துக்கு ஐந்து பேர் என்று பிரித்துக்கொண்டு ரத்த வங்கியில் பெயர் கொடுத்து வையுங்கள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அறுபதை ஐந்தைந்தாகப் பிரித்தால் பன்னிரண்டு வாரம், ஆண்களுக்குக் கணக்கும் ஏறக்குறைய சரியாக வரும்.

பணமாகக் கொடுப்பதென்றால் ஆஸ்பத்திரிக் கணக்கிலோ அறக்கட்டளைக் கணக்கிலோ நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். 80ஜி என்ற வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. போனில் சுற்றி வரும் குழந்தைப் படத்தையும் கியூஆர் குறியீட்டையும் பார்த்து உடனே அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, அந்தப் பெயரில் நோயாளி இருக்கிறாரா என்று கேளுங்கள். நீங்கள் உதவும் நோயாளியின் படத்தையும் எங்கும் போடாதீர்கள். மொட்டைத் தலையோடு, மூக்கில் குழாயோடு தன் முகம் ஊரெல்லாம் சுற்றுவதை எந்தத் தாய் விரும்புவார்?

இன்னும் நோய் வராதவர்களுக்குச் செய்யும் தானமும் இருக்கிறது. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். வெட்கத்தில் யாரும் தனியாகப் போக மாட்டார்கள். முளைப்பாரிக்கு வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சேர்க்கிற அதே அக்காவிடம் சொல்லுங்கள், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் பீடி தொடாதவர்களிடம், மாலை கழற்றும் அன்று இரவு யாராவது பக்கத்தில் இருங்கள். 48 நாள் விட்டவரால் 49ஆம் நாளும் விட முடியும். தேவைப்பட்டால் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட உதவுகிறார்கள்.

கடைசிப் படி: துணியை அவிழ்க்கும் நாள்

சிகிச்சை முடிந்ததும் உடனே கடன் கழிக்க ஓடாதீர்கள். ரத்த அணுக்கள் சரியாகி, டாக்டர் கூட்டத்துக்குப் போகலாம் என்று சொன்ன பிறகு நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக முடியுங்கள். பரிசோதனைக்கு வரச் சொன்ன தேதிகளையும் அதே நோட்டில் எழுதுங்கள். கடன் கழிந்துவிட்டது, இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததை அடுத்த வருடம் பங்குனியில் செய்தோம். பெரியம்மாவே சட்டி எடுத்தார்.

எல்லா வீட்டிலும் அப்படி அமைவதில்லை. என் மாமாவுக்கு வாயில் வந்தது, முப்பது வருடப் புகையிலை. அத்தை பாண்டி கோயிலுக்குக் கிடாய் நேர்ந்து, துணி முடிந்து, 14,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். மாமா ஐப்பசியில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகும் அந்த மஞ்சள் துணி மாடத்திலேயே இருந்தது. அவிழ்க்கவும் பயம், வைத்திருக்கவும் முடியவில்லை. அத்தையை நான்தான் எங்கள் ஊர்ப் பூசாரியிடம் கூட்டிப்போனேன். அவர் துணியை வாங்கிப் பார்த்துவிட்டு, "கேட்டது கெடைக்கலேன்னா கடனும் இல்லத்தா. காச உண்டியல்ல போட்டுட்டு, துணிய ஓடுற தண்ணில விட்டுரு. ஆத்தா ஒண்ணும் நெனைக்க மாட்டா" என்றார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு துணி இருந்தால் உங்கள் கோயில் பூசாரியிடம் கேளுங்கள். அதை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தவிக்க வேண்டாம்.

அத்தை துணியில் முடிந்திருந்த ரூபாயை உண்டியலில் போட்டார். மாமாவோடு வார்டில் இருந்த கமுதிப் பக்கத்துப் பெண்ணுக்கு அப்போது இன்னும் 28 நாள் கரண்ட் பாக்கி இருந்தது. சேர்த்து வைத்திருந்த 14,000 ரூபாயிலிருந்து அந்தப் பெண்ணுக்கும் அவர் மகனுக்கும் போக வர ஒரு நாளைக்கு 300 என்று வாராவாரம் கொடுத்தார். மொத்தம் 8,400. மிச்சம் 5,600 ரூபாயை நோட்டின் மூன்றாம் பக்கத்தில் வரவாக எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் போன் செய்து, பாலரெங்காபுரத்துக்கு நீ எப்போ போறே, நானும் வர்றேன் என்றார்.